கிரீம் பூசாத அப்பா

குறைமாதக் குழந்தைகள் வார்டின் கதவு, வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் ரத்தத்தில் கலந்த யாரையும் உள்ளே விடாது. போக்குவரத்துக் காவலர் தணிகைவேல் அதனால் தன் மகளை இன்னும் தொட்டதே இல்லை. அவள் பிறந்த அன்றே கிரீமைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு மாதமாக வேலூர் வெயிலில் நின்றார். முகம் கருகி உரிந்தது.

“யோவ், சிக்னல் கம்பமே உன்னவிட கலரா இருக்குய்யா” என்று சிரித்தார் ஏட்டு.

இன்று, ரத்தம் பார்க்கும் கருவியில் விரலை வைத்ததும் கதவு திறந்தது. தணிகைவேல் ஓடாத குறைதான்.

மனைவி சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். “யாருங்க நீங்க?”

“கிண்டல் பண்ணாத. குடு.”

“சட்டையக் கழட்டுங்க. நெஞ்சோட ஒட்டி வைக்கணும்.”

அவசரத்தில் பொத்தான்கள் விரலுக்குச் சிக்கவில்லை. கடைசியில் உள்ளங்கை அகல மகள் அவர் நெஞ்சில் படுத்தாள். அவர் அசையவே இல்லை.

“மூச்சு விடுங்க” என்றாள் சுகந்தி. “உங்க மூச்சக் கேட்டுத்தான் அவளும் விடுவா.”