ஐம்பதாவது பல்

யாருக்காவது பல் வலிக்க வேண்டும். இன்றைக்கே, இப்போதே, தாங்க முடியாமல் வலிக்க வேண்டும்.

இப்படியும் ஒருத்தி வேண்டிக்கொள்வாளா என்று அவளுக்கே கூசியது. ஆனாலும் வேண்டுவதை நிறுத்தவில்லை. பல் மருத்துவக் கல்லூரியில் அவள் பயிற்சியின் கடைசி நாள் அது. பிடுங்க வேண்டிய பற்கள் ஐம்பது. பதிவேட்டில் ஏறியிருந்தவை நாற்பத்தொன்பது.

நான்கு மணிக்குப் பதிவேட்டை வாங்கிவிடுவார்கள். ஒரு பல் குறைந்தாலும் இன்னும் ஆறு மாதம் இங்கேதான்.

காலையில் ஊரிலிருக்கும் அக்காவுடன் போனில் பேசும்போது, பின்னால் தன் மகளின் குரல் கேட்டது. "அம்மா, பால்!" இரண்டரை வயதுப் பிள்ளை கூப்பிட்டது இவளை அல்ல, அக்காவை. அக்கா பதறிப்போய், "பெரியம்மான்னு சொல்லுடி" என்று அதட்டினாள். இன்னும் ஆறு மாதம் போனால் அக்காவுக்கு அதட்டவும் தோன்றாது.

"வெளிய பெஞ்சு காலி. ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல பல்லு நல்லாயிடுச்சு போல" என்றாள் பக்கத்து நாற்காலித் தோழி. எதையும் முதலில் முடித்துவிடுவதால் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வாங்கியவள்.

"கடைசிப் பக்கம் வேற காலியா இருக்கு" என்றாள் இவள். 'தொழில் நெறியும் நடத்தையும்' என்று பதிவேட்டில் இந்த வருடம் புதிதாகச் சேர்த்த பக்கம் அது.

"அத வாட்ச்மேன்கிட்ட குடு, நல்ல புள்ளன்னு எழுதித் தருவாரு. மொதல்ல பல்லத் தேடு."

மூன்றேகாலுக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தார். நன்றியில் இவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நாற்காலியைச் சாய்த்து விளக்கை இழுத்தாள். அவள் சொல்வதற்கு முன்பே அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பி, நாக்கை ஒதுக்கி, பல் பார்க்கும் கண்ணாடிக்கு இடம் விட்டார். அவள் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு குனிந்து பார்த்தாள்.

கீழ்வரிசைக் கடைவாய்ப் பல். நடுவில் ஆழமான சொத்தை. தட்டிப் பார்த்தாள், அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு வேரும் சுவரில் அடித்த ஆணி மாதிரி உறுதியாக இருந்தன.

"பிடுங்கிடும்மா" என்றார்.

"வேர் சிகிச்சை பண்ணிக் காப்பாத்திடலாம் சார். மூணு தடவை வரணும்."

"மூணு தடவையா? எனக்கு வேற வேலையில்லையா? என் பல்லு, நான் சொல்றேன். வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

எக்ஸ்பிரஸ் முழங்கையால் இடித்தாள். "அவரே கேக்குறாரு, உனக்கென்னடி வந்துச்சு? புள்ள மொகத்த நெனச்சுப் பாரு" என்று காதோரம் சீறினாள்.

நினைத்துப் பார்த்தாள். தட்டில் இடுக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பத்து நிமிட வேலை.

"மன்னிச்சுக்குங்க சார். எடுக்க மாட்டேன். வலிக்கு மருந்து வெச்சு அடைச்சு விடுறேன்."

"பைத்தியம்" என்று முணுமுணுத்துவிட்டு எக்ஸ்பிரஸ் நகர்ந்துபோனாள். மணி மூன்றரை. இனி யாரும் வரப்போவதில்லை என்று இவளுக்குத் தெரிந்தது. அக்காவிடம் எப்படிச் சொல்வது?

நாற்காலியில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லவேளை! நீ ஊசியக் கையில எடுத்திருந்தா எழுந்து ஓடியிருப்பேன்."

அவர் வேறொரு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர். அந்தக் கடைசிப் பக்கத்தை நிரப்பத்தான் நோயாளியாக வந்திருந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"நடத்தைக்கு முழு மார்க். ஒரு பல்லு குறையறத உங்க துறைத் தலைவர்கிட்ட நான் பேசிக்கிறேன். உன் சிநேகிதி சொன்னது காதுல விழுந்துச்சு. நாளைக்கே கெளம்பிப் போய்ப் புள்ளையப் பாரு. இங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு."

அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துக்கான இடத்துக்கு மேலே ஒரு வரி அச்சாகியிருந்தது: 'நோயாளியாக வந்தவர் தேர்வாளர் என்பது சிகிச்சையின்போது எனக்குத் தெரியாது.'

இரண்டு முறை படித்தாள். பேனாவை மூடி, தாளின் மேலேயே வைத்து, அவர் பக்கம் நகர்த்தினாள்.

"என்னால போட முடியாது சார்."

"ஏம்மா?"

"நீங்க நாக்க ஒதுக்கி வாயத் தொறந்தப்பவே, சோதிக்க வந்த பல் டாக்டர்னு புரிஞ்சுபோச்சு."

அவர் சிரிப்பு மாறவில்லை. "அட, புரிஞ்சா என்ன இப்போ? பல்லு பொழச்சுதா இல்லையா?"

அவள் தலை நிமிரவில்லை.

"தெரியாம இருந்திருந்தா, பிடுங்கியிருப்பேன்."