மூணு வயசு குறைச்சல்

"ஏன்னா, நம்மாத்து விஷயம் வேற யாருக்குத் தெரியும்? உங்க தம்பிதான் எழுதியிருக்கார்."

காபியை ஆற்றிக்கொண்டே அம்மிணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மகாதேவன் மறுக்கவில்லை. ஆபீஸிலிருந்து மாதுங்கா வந்து சேரும்வரை ரயிலில் அவரும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தார்.

ஆபீஸுக்கு டைப் அடித்த மொட்டைப் பெட்டிஷன் ஒன்று வந்திருந்தது. 'ஹெட் கிளார்க் மகாதேவனின் சொந்தத் தம்பி வெங்கடேஸ்வரன், ஐம்பத்தெட்டு வயது முடிந்து ரயில்வேயிலிருந்து ரிடயர் ஆகிவிட்டார். அண்ணன் மட்டும் இன்னும் சர்வீஸில் இருப்பது எப்படி?'

நியாயமான கேள்விதான்.

மகாதேவனுக்கு நிஜத்தில் அறுபது முடிந்துவிட்டது. சர்வீஸ் புக்கில் ஐம்பத்தேழு. பாலக்காட்டில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, பிற்பாடு உத்தியோகத்துக்கு உதவட்டும் என்று அப்பா மூத்த பிள்ளைக்கு மூன்று வயசைக் குறைத்துப் போட்டார். இளையவனையும் அப்படியே சேர்க்கப் போனபோது, புதிதாக வந்திருந்த ஹெட்மாஸ்டர் ஜாதகத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அதனால் தம்பிக்கு வாய்த்தது நிஜ வயசு.

"உண்மைன்னு தெரிஞ்சுட்டா என்னன்னா பண்ணுவா?"

"வீட்டுக்கு அனுப்பிடுவா. ரெண்டு வருஷம் கூடுதலா வாங்கின சம்பளத்தை கிராஜுவிட்டியில பிடிச்சுப்பா. தையில பொண்ணு கல்யாணம். கையில ஒண்ணும் மிஞ்சாது."

அம்மிணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

தம்பிக்குக் கோபம் வரக் காரணமும் இருந்தது. போன மாதம் வெங்கடேஸ்வரன் திலக் நகரிலிருந்து வந்திருந்தார்.

"அண்ணா, பென்ஷன் பாதி மாசத்துக்குத்தான் வரது. போன வருஷம் ரூபாய் மதிப்பைக் குறைச்சதுலேர்ந்து எதைத் தொட்டாலும் விலை. ஏதாவது கம்பெனியில டைப் அடிக்கற வேலை இருந்தா, உனக்குத் தெரிஞ்சவாகிட்ட சொல்லேன்."

மகாதேவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு பிரசங்கமே செய்தார்.

"சர்க்கார் யோசிக்காமலா அம்பத்தெட்டுன்னு வெச்சிருக்கு? அஞ்சு வருஷம் முன்னாடி வரைக்கும் அம்பத்தஞ்சுதானே? மூணு வருஷம் கூடக் குடுத்தும் உனக்குப் போறலையா? வயசானவா விலகினாத்தானே சின்னவாளுக்கு வழி? சம்பளம் வரச்சேயே சேர்த்து வெச்சுண்டிருக்கணும்."

தம்பி அண்ணாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே திருப்பிக் கேட்டிருப்பார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பார்வைதான் இப்போது பெட்டிஷனாக வந்திருக்கிறது என்று மகாதேவன் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை திலக் நகருக்கே போனார்.

"வா அண்ணா" என்று எழுந்துவந்தார் வெங்கடேஸ்வரன்.

"இனிமே என்னை அண்ணான்னு கூப்பிடாதே! நீ எனக்குத் தம்பியே இல்லை."

"என்ன ஆச்சு? முதல்ல உள்ள வாயேன்."

"என் வயசைப் பத்தி ஆபீஸுக்குப் பெட்டிஷன் போட்டுட்டு, என்ன ஆச்சுன்னு வேற கேக்கறயா? என் குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்திட்டு நீ நன்னா இருடா!"

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. தம்பி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதைக் கேட்க மகாதேவன் அங்கே நிற்கவில்லை. ஸ்டேஷனைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

புதன்கிழமை எஸ்டாப்ளிஷ்மென்ட் ஆபீஸர் பிரம்மநாயகம் கூப்பிட்டனுப்பினார். மகாதேவன் கடவுளை வேண்டிக்கொண்டே உள்ளே போனார்.

"உக்காருங்க மகாதேவன். அந்தப் பெட்டிஷன் போட்டது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. உங்க செக்‌ஷன் ஆளுதான். உங்க சீட்டுக்கு ரொம்ப நாளா காத்துக்கிட்டிருக்காரு. நம்ம ஆபீஸ் டைப் மெஷின் எழுத்தை ஒத்துப் பார்த்துக் கண்டுபிடிச்சோம்."

மகாதேவனுக்கு ஞாயிற்றுக்கிழமை திறந்த கதவுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

"அதை விடுங்க. நேத்து ஒருத்தர் தானா வந்து, இதைக் கொடுத்துட்டுப் போனாரு. சர்வீஸ் புக்கோடயும் ஒத்துப்போகுது. இன்னும் ஃபைல்ல சேர்க்கலை. கீழே நீங்களும் சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டா, இதோட முடிச்சிடலாம்."

டைப் அடித்த காகிதம். அடியில் தம்பியின் கையெழுத்து.

'ரயில்வேயில் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்ற வெங்கடேஸ்வரன் ஆகிய நான், மகாதேவனின் தம்பி என்று சொல்லப்படுவது தவறு. மகாதேவன் எனக்கு ஒரு வயது இளையவன். நான் அவனுடைய அண்ணன்.'

மகாதேவன் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை எழுத்துத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிரம்மநாயகம் பேனாவைத் திறந்து நீட்டினார்.

ஒரே ஒரு கையெழுத்து. வேலை நிலைக்கும், கிராஜுவிட்டி தப்பும், தையில் கல்யாணமும் நடக்கும். மகாதேவன் பேனாவை வாங்கவும் செய்தார். வாங்கியதை மேஜைமேல் வைத்துவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது ஃபைலுக்கு வேண்டாம் சார்."

"ஏன், அவரு எழுதினதுல ஏதாவது தப்பா?"

"அவன் மேல தப்பு இல்லை சார்" என்றார் மகாதேவன். "நான்தான் அண்ணா."