சிவப்பு முட்டையின் ஓடு

பாரீஸில், ரஷ்யத் தேவாலயத்தின் முற்றத்தில் ஈஸ்டர் வெயில் காய்கிறது. ஜெனரல் ஸ்த்ரெமோவின் வெளுத்த ராணுவக் கோட்டில், பதக்கங்கள் தொங்கிய இடங்கள் மட்டும் நிறம் மாறாமல் தெரிகின்றன. புரட்சியில் ஜார் மன்னர் போய், படை போய், நாடும் போன பிறகு அவருக்கு வாய்த்தது இந்த பெஞ்சுதான். கையில், ஈஸ்டருக்கென்று சாயமிட்டு யாரோ கொடுத்த சிவப்பு முட்டை. ஒருகாலத்தில் அவர் படையில் சிப்பாயாக இருந்து, இப்போது கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நிகிஃபோர் அவர் முன் வந்து நிற்கிறான். ஈஸ்டர் வாழ்த்தோடு தரும் முத்தத்தை இன்றைக்கு எவரும் எவருக்கும் மறுக்க முடியாது, அதற்காகவே வந்திருக்கிறான். "கிறிஸ்து உயிர்த்தார், ஐயா." "மெய்யாகவே உயிர்த்தார்." கன்னம் மாற்றி மாற்றி மூன்று முத்தம். முடிந்த பின்பும் முகத்தை விலக்காமல் நிகிஃபோர் வாயை அகலத் திறக்கிறான். முன்பற்கள் இல்லை. "பாத்தீங்களா? காலர் பொத்தான் போடலன்னு அணிவகுப்புல நீங்க விட்ட குத்து. இந்த வாயை உங்ககிட்ட காட்டணும்னுதான் இத்தனை வருசமா காத்திருந்தேன்." குதிரை வாங்க வந்தவர்போல ஜெனரல் அந்த வாய்க்குள் நிதானமாகப் பார்க்கிறார். "ஞாபகமில்லடா. எத்தனையோ வாயி." பிறகு கண்ணை இடுக்குகிறார். "இப்பவும் பொத்தான் போடல பாரு." நிகிஃபோரின் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது; அணிவகுப்பில் நிற்பதுபோல குதிகால்கள் ஒட்டிக்கொள்கின்றன. பக்கத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரிக்கிறாள். ஜெனரல் முட்டையைத் தட்டி உரிக்கிறார். உரித்த ஓடுகளைப் போட இடம் தேடுகிறார். நிகிஃபோர் உள்ளங்கையை நீட்டுகிறான்.