ஆள் இருக்கும் அறை

அவர் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜவுளிக்கடை பை. மஞ்சள் பிளாஸ்டிக். ஏசி காற்று வரும் இடத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தது. காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது.

பை ஆடும்வரை ஏசி ஓடும். ஏசி ஓடும்வரை பை ஆடும்.

நான்கு நாட்களாக அவர் அந்தப் பையின் தயவில்தான் இருந்தார்.

பக்கவாதம். கண்ணைத் தவிர எதுவும் அசையவில்லை. பேச்சு போய்விட்டது. காது நன்றாகக் கேட்டது. உடம்பில் சூடு ஏறினால் இன்னொரு தடவை வரலாம், அப்புறம் தாங்காது என்று டாக்டர் மனைவியிடம் சொன்னதும் கேட்டது.

கூரை நடுவில் வெள்ளையாக ஒரு குமிழ். அரை எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். அறையில் யாராவது அசைகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் சென்சார். ஏழு நிமிடம் அசைவு இல்லையென்றால், ஆள் இல்லை என்று முடிவு செய்து ஏசியை நிறுத்திவிடும்.

அவர் வைத்த குமிழ்.

இந்த ஆஸ்பத்திரிக்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தவர் அவர். கீழே வரவேற்பறையில் மாலை போடாத குறையாக அவர் படம் இருக்கிறது. முப்பது வருடம் ஊர் ஊராக மேடையேறி, ஆள் இல்லாத அறைக்கு எதற்கு மின்சாரம் என்று கேட்டார். அந்த ஒரே கேள்வியில் விருதுகள், கமிட்டிகள், விமானப் பயணங்கள் எல்லாம் வந்தன.

சென்சார் கம்பெனி முப்பது நிமிடம் என்றது. அவர் ஏழாகக் குறைத்தார்.

பல்லி ஓடினால்கூட ஏசி ஓடுகிறது என்று யாரோ குறை சொன்னார்கள். சின்ன அசைவுகளை எண்ணக் கூடாது என்று அதையும் மாற்றவைத்தார்.

தேவைப்பட்டால் சென்சாரை நிறுத்தி வைக்க ஒரு சுவிட்ச் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். வைக்க விடவில்லை. சுவிட்ச் இருந்தால் ஏமாற்றிவிடுவார்கள் என்றார்.

இதையெல்லாம் விளக்க ஆஸ்பத்திரியில் அவர் நடத்திய கூட்டத்தில் எஸ்தர் என்ற நர்ஸ் மட்டும்தான் கையைத் தூக்கினாள்.

"பேஷன்ட் அசையாமப் படுத்திருந்தா என்ன சார் பண்றது?"

"மார்ச்சுவரிக்கு அனுப்பிடுங்க சிஸ்டர். அங்க ஏசி நிக்கவே நிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தரும் சிரிக்க வேண்டியிருந்தது. பிறகு நாலைந்து மேடைகளில் அவர் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

பையைக் கட்டியது எஸ்தர்தான். இப்போது இந்த மாடிக்குத் தலைமை நர்ஸ். முதல் நாள் அவர் வியர்வையில் ஊறிக் கிடந்ததைப் பார்த்தாள். தன் சாப்பாட்டுப் பையைக் காலி செய்து, நாற்காலியில் ஏறிக் கட்டினாள். பழைய பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மதியம் இரண்டே கால். எஸ்தருக்கு இன்று விடுமுறை. குளித்துவிட்டு வருகிறேன் என்று மனைவி வீட்டுக்குப் போயிருந்தாள். ஐந்து மணிக்குத்தான் வருவாள். சித்திரை வெயில் மேற்குக் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியைத் திறக்க முடியாது. திறந்தால் குளிர் வீணாகும்.

கதவு திறந்தது.

சுகந்தி. இருபது வருடம் அவரிடம் வேலை பார்த்தவள். இப்போது அவருடைய நாற்காலியில் இருக்கிறாள். சான்றிதழைப் புதுப்பிக்கிற ஆய்வுக்காக வந்தவள், அவரைப் பார்க்காமல் போக மனமில்லாமல் உள்ளே வந்தாள். காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நிஜமாகவே அழுதாள்.

நிமிர்ந்தபோது பை கண்ணில் பட்டது.

"சார் ரூம்லயா பிளாஸ்டிக்?"

அவர் இமைத்தார். வேகவேகமாக இமைத்தார். முடிந்ததெல்லாம் அதுதான், அதை நிறுத்தாமல் செய்தார்.

"புரியுது சார். கோபப்படாதீங்க. நான் எடுத்துடறேன்."

நாற்காலியில் ஏறினாள். நூலை அறுத்தாள். பையை நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இந்தக் கட்டடத்துக் குப்பைக்கூடையில் போடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. அவருடைய கண்ணோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"தூங்குங்க சார்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அவர் எண்ண ஆரம்பித்தார்.

வலது சுண்டுவிரலுக்குச் சொன்னார். கெஞ்சினார். கெட்ட வார்த்தையில் திட்டினார்.

ஐந்தாவது நிமிடத்தில் விரல் அசைந்தது.

உண்மையாகவே அசைந்தது. டாக்டர் பார்த்திருந்தால் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னொரு தடவை அசைத்தார்.

குமிழ் எண்ணவில்லை. பல்லியைவிடச் சின்ன அசைவு.

டக்கென்று ஏசி நின்றது.

சுகந்தி மற்ற அறைகளைப் பார்த்து முடித்து லிஃப்டுக்கு வந்தாள். இன்று சேமித்த மின்சாரம் எவ்வளவு என்று காட்டும் பலகை அங்கே இருந்தது. அதுவும் அவர் யோசனைதான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஒன்று கூடியது. கண் விழித்ததும் சார் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று படம் எடுத்து அவருக்கு அனுப்பினாள்.

கட்டிலை ஒட்டிய மேஜையில் அவருடைய செல்போன் அதிர்ந்தது. அதிர்ந்து, விளிம்பை நோக்கி ஓர் அங்குலம் நகர்ந்தது.

இன்னும் இரண்டு அங்குலம். கீழே விழுந்தால் குமிழ் ஒருவேளை எண்ணலாம்.

இன்னொரு படம் அனுப்புவாளா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.