காக்கையின் கார் பாலிஷ்

வாரத்தில் ஆறு நாள் கறிக்கடை வாசலைச் சுத்தம் செய்துவந்த காக்கை ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பாலிஷ் போடும் தொழிலைத் தொடங்கியது. நாலு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில்.

முதல் வாடிக்கையாளர் எருமை. "புதுக் கார் தம்பி, பார்த்துச் செய்" என்று சொல்லிவிட்டுக் குளத்துக்குப் போனது.

காக்கை மெழுகு பூசி மதியம்வரை தேய்த்தது. கறுப்புக் கதவு கண்ணாடியாக மின்னியது. அதற்குள்ளிருந்து இன்னொரு காக்கை, காலில் துணியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தது.

"முதல் நாளே போட்டிக்கு வந்துட்டியா?" என்று பாய்ந்து கொத்தியது காக்கை. அதுவும் விடாமல் திருப்பிக் கொத்தியது.

எருமை வந்து பார்த்தால் கதவெல்லாம் கீறல். "என்னடா இது?" என்று அலறியது.

"கவலைப்படாதீங்கண்ணே. இனிமே அவன் இந்தப் பக்கமே வரமாட்டான்" என்றது காக்கை, மூச்சு வாங்க.

அடுத்த ஞாயிறு காக்கையின் கடைப் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது: 'இங்கே கீறல்களும் நீக்கப்படும்.'