ஆளில்லாத மாடி

அநியாயத்தைக் கண்டால் அப்பாதுரைக்குச் சோறு இறங்காது. அதுவும் பக்கத்து வீட்டு அநியாயம் என்றால் தண்ணீர்கூட இறங்காது.

‘அம்சா என்பவர் வீட்டு வரி கட்டிவிட்டு மெஸ் நடத்துகிறார். கடை வரி போடவும்’ என்று திண்டிவனம் நகராட்சிக்கு மூன்று மனு போட்டார். மூன்றாவது மனுவுக்கு பில் கலெக்டர் இளவரசி நேரிலேயே வந்துவிட்டார்.

அம்சா குழம்புக் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

“யாருக்கும்மா சமைக்கிறீங்க?”

“நாலு காலேஜ் பொண்ணுங்களுக்கு மேடம். விக்கிரவாண்டி பக்கத்துப் பொண்ணுங்க. மூணு வேளையும் இங்கதான்.”

“பாத்தீங்களா! வாயாலயே ஒத்துக்கிச்சு!” அப்பாதுரை குதித்தார். “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே மேடம்?”

“ஒண்ணுதான் சார். அந்தப் பொண்ணுங்க எங்க தங்கியிருக்காங்க?”

அப்பாதுரை குதிப்பதை நிறுத்தினார்.

நாலு பேரும் தங்கியிருப்பது அவருடைய மாடியில்தான். ‘மாடி காலி, ஆளே இல்லை’ என்று இதே நகராட்சியில் எழுதிக் கொடுத்து, இரண்டு வருஷமாக வரிச் சலுகை வாங்குகிற புண்ணியவான் அவர். அந்தச் சாமர்த்தியத்தைத் தெருவெல்லாம் சொல்லி மெச்சிக்கொண்டவரும் அவரேதான். மனு எழுதுகிற வேகத்தில் மறந்து தொலைத்திருந்தார்.

அம்சா மாடியைப் பார்த்தாள். பிறகு அப்பாதுரையைப் பார்த்தாள். அவர் மனசுக்குள் குலதெய்வத்துக்கு மொட்டை வேண்டிக்கொண்டார்.

“எங்கியோ ரூம் எடுத்துத் தங்கிக்கினு இருக்குதுங்க மேடம். நீங்க கடைன்னே எழுதிக்கோங்க. நான் கட்டிடறேன்.”

இளவரசி எழுதிக்கொண்டு கிளம்பினார். போன உயிர் அப்பாதுரைக்குத் திரும்பி வந்தது. கூடவே குரலும் குழைந்து வந்தது.

“என்மேல இவ்ளோ மரியாதையாம்மா உனக்கு?”

“உங்க மேலயா?” அம்சா சிரித்தாள். “உண்மையச் சொல்லியிருந்தா நீங்க மாட்டிக்கினு இருப்பீங்க. அந்தக் கோவத்துல அதுங்க பெட்டியத் தூக்கி ஜல்தியா வெளிய வச்சிருப்பீங்க. நாளைக்கு அதுங்களுக்குக் கடைசி வருஷப் பரீட்சை ஆரம்பம்.”

அப்பாதுரை நெகிழ்ந்தே போனார். “உனக்குத் தங்கமான மனசும்மா.”

“இருபதாந்தேதி பரீட்சை முடிஞ்சி அதுங்க ஊருக்குப் போயிடும் சார். இருபத்தொண்ணாந்தேதி நாலாவது மனுவ நான் எழுதறேன்.”