சிரிக்காத விதானையார்

"ஒரு எழுத்தும் மாத்தாமல் அப்பிடியே அடியுங்கோ தம்பி" என்றபடி தயாபரன் இரண்டு தாள்களை மேசையில் வைத்தார்.

அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்திலிருந்த அச்சகம் அது. கணினியில் பக்கம் அமைப்பது நிருஷனின் வேலை. தயாபரன் கனடாவிலிருந்து வந்திருந்தார். அவருடைய தகப்பன் பஞ்சலிங்கம், புத்தூரில் விதானையாராக, அதாவது கிராம அலுவலராக இருந்து ஊருக்கெல்லாம் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவர். காலமாகி வருகிற வெள்ளியோடு முப்பத்தொரு நாள். அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கல்வெட்டு வேண்டும்.

செத்தவரின் வரலாற்றை எழுதிப் புத்தகமாக அடிப்பதைத்தான் இந்தப் பக்கத்தில் கல்வெட்டு என்பார்கள். இருக்கும்போது ஆள் எப்படியோ, கல்வெட்டில் எல்லோரும் வள்ளல்தான். நிருஷன் இந்த மேசையில் இருந்தபடியே எத்தனையோ வள்ளல்களை உருவாக்கியிருக்கிறான்.

தாளை எடுத்து வாசித்தான்.

'பஞ்சலிங்க விதானையார்: புத்தூரில் காணப்படும் அரிய உயிரினம். சிரிக்காது. முத்திரை மையைக் குடித்து உயிர் வாழும். ஒரு வதிவிடச் சான்றிதழுக்காக ஒரு மனிதனை எவ்வளவு தூரம் அலையவிடலாம் என்று ஆராய்ச்சி செய்து வருகிறது. தன் கல்யாணத்தில் பொம்பிளையின் அடையாள அட்டையைப் பார்த்த பிறகே தாலி கட்டியது.'

இது பகிடிக்களஞ்சியத்தில் இருக்கிற கட்டுரையல்லவா! இணையத்தில் அப்படியொரு இடம் இருக்கிறது. அசல் கலைக்களஞ்சியம் போலவே தலைப்பு, படம், அடிக்குறிப்பு எல்லாம் இருக்கும். உள்ளே இருப்பது முழுக்க நக்கல். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், ஒரு புனைபெயர் இருந்தால் போதும்.

இந்தக் கட்டுரையைத் தொடங்கியவனே நிருஷன்தான். ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க வதிவிடச் சான்றிதழ் கேட்டுப் போனான். கையெழுத்து கோணல் என்று ஒருநாள், மின்கட்டணப் பட்டியல் பழையது என்று இன்னொரு நாள் விதானையார் திருப்பி அனுப்பினார். சான்றிதழ் கைக்கு வந்தபோது முடிவுத் திகதி போய்விட்டது. அந்த எரிச்சலில், கோணல் கையெழுத்தையும் விடாமல் எழுதியது.

எழுதிய கையோடு 'புழுக்கொடியல்' என்ற பெயரில் யாரோ வந்து ஒட்டிக்கொண்டார். அதன்பிறகு இருவரும் மாறிமாறி எழுதி விதானையாரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நக்கலில் புழுக்கொடியல் நிருஷனை விட ஒரு படி மேல். முத்திரை மை, அடையாள அட்டை எல்லாம் அவருடைய கைவேலைதான்.

கனடாக்காரர் தகப்பனின் பெயரைப் போட்டுத் தேடி, வந்ததை வாசிக்காமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று நிருஷன் நினைத்தான். இது அச்சாகி ஊர் கைக்குப் போனால் விதானையாரின் மனைவி இரத்தினம்மா வெளியில் தலைகாட்ட முடியுமா? யார் எழுதியது என்று தோண்டினால் இவன் வேலையும் போகும். அச்சக முதலாளி விதானையாருக்குச் சொந்தக்காரர்.

"அண்ணை, உதை வாசிச்சுப் பாத்தனீங்களே?"

"ஓம்."

"உது பகிடிக்கு எழுதுற இடம் அண்ணை. உண்மையில்லை. நான் நல்லதா ஒண்டு எழுதித் தாறன். ஊருக்கு உழைச்ச பெருமகன், வள்ளல் எண்டு..."

"ஐயோ, வேண்டாம்! 'என்னை வள்ளல் எண்டு அடிச்சால் எழும்பி வந்து பிழை பிடிப்பன்' எண்டு அப்பா ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கையே சொன்னவர். உதைத்தான் போடச் சொன்னவர்."

"அப்ப... விதானையார் உதை வாசிச்சவரே?"

"வாசிச்சபடியால்தானே சொன்னவர். இஞ்சைதான் அடிக்கோணும் எண்டும் சொன்னவர். 'அச்சுவேலியிலை நிருஷன் எண்டு ஒரு பெடியன் இருக்கிறான், உதை அவன்தான் பிழையில்லாமல் அடிப்பான்' எண்டார்."

சான்றிதழ்க் கதையை எழுதினால் எழுதியவன் யார் என்று சான்றிதழ் கொடுத்தவருக்குத் தெரியாமல் போகுமா? அது இத்தனை நாளாக நிருஷனின் மண்டையில் ஏறவில்லை. வெட்கமாக இருந்தது.

"கோவிச்சவரே அண்ணை?"

"ஆர், அப்பாவோ? இல்லை. உந்தச் சான்றிதழ் விசயத்திலை தான் செய்தது கூடிப்போச்சு எண்டுதான் கவலைப்பட்டவர். ஆரோ ஒரு பெடியனுக்கு வேலை தவறிப்போச்சாம்."

நிருஷன் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அம்மா என்ன சொல்லுவாவோ?"

"அம்மாவோ? செத்தவீடு முடிஞ்ச நாளிலை இருந்து ஒரே அழுகை. நேற்று உதை வாசிச்சுக் காட்டினன். அடையாள அட்டை எண்டு வந்த இடத்திலை சிரிச்சுப்போட்டா! மணவறையிலை அப்பா உண்மையாவே காதுக்குள்ளை அப்பிடிக் கேட்டவராம், பகிடிக்கு. 'எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச கதையை உதுக்குள்ளை ஆரடா எழுதினது?' எண்டு என்னைப் பிடிச்சுக்கொண்டா. நான் என்னத்தைக் கண்டன்? சரி தம்பி, வியாழக்கிழமை வாறன்."

தயாபரன் போன பிறகு நிருஷன் பகிடிக்களஞ்சியத்தைத் திறந்தான். செத்தவீட்டன்று புழுக்கொடியலுக்கு அவன் அனுப்பிய செய்தி இன்னும் பதிலில்லாமல் கிடந்தது: 'அண்ணை, எங்கடை விதானையார் போயிட்டாராம். இனி நாங்கள் ரெண்டு பேரும் ஆரை வைச்சுப் பகிடி எழுதுறது?'